பித்தளைக் கம்பி சுற்றிய துவக்கு

போன ஆவணியில் சின்னம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில் எங்கள் ஊர். மத்தியானச் சாப்பாடு முடிந்து பந்தலுக்குள் வெற்றிலை வட்டாவைச் சுற்றி நாலைந்து பேர் இருந்தோம். சுவிஸிலிருந்து வந்திருந்த தங்கச்சியின் மகன் போனை நீட்டினான். உக்ரேனில் ஏதோ ஒரு பதுங்குகுழி. மரக்கட்டை அடுக்கிய சுவருக்கு மேலே, இரண்டு சின்ன இரும்புச் சில்லுகள் பூட்டிய ஒரு இயந்திரத் துவக்கு. தடித்த குழல், துணியில் தைத்த தோட்டாப் பட்டி. அதன் பின்னால் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குந்தியிருந்து சுட்டுக்கொண்டிருந்தார். "மாமா, இது 1910ஆம் ஆண்டு மொடல். மியூசியத்தில இருந்து எடுத்துக்கொண்டு வந்து சண்டை பிடிக்கிறாங்க" என்று சிரித்தான். அடுத்த வீடியோவில் ரயில் பெட்டிகளின் மேல் வரிசையாக ரஷ்யாவின் பழைய டாங்கிகள். அதற்கும் சிரித்தான். இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பெரிய மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் மூத்த தம்பி அவர், 80 வயது. கண் கொஞ்சம் மங்கல். போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்து, வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். பிறகு பாக்கை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "அதுக்குத் தோட்டா கிடைக்குமாடா மனே?"

மருமகனுக்குப் பதில் தெரியவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. பஸ்ஸில் கல்லடிக்குத் திரும்பும்போதும், அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப் போரைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோதும் அதுவே மண்டைக்குள் கிடந்தது. ஆயுதம் எவ்வளவு பழசு, யார் செய்தது, எவ்வளவு தூரம் சுடும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தோட்டா கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

தோட்டா இருக்கும்வரை

பதில், கிடைக்கும் என்பதுதான். மருமகன் காட்டியது மாக்சிம் துவக்கு. அது சுடும் தோட்டா 1891இல் ரஷ்யர்கள் தங்கள் மொசின் துவக்குக்காகக் கொண்டுவந்தது. அந்தத் தோட்டாவை அவர்கள் கைவிடவே இல்லை. 1961இல் வந்த பி.கே. இயந்திரத் துவக்கும், ட்ராகுனோவ் குறிச்சூட்டுத் துவக்கும் இன்றைக்கும் அதே தோட்டாவைத்தான் தின்கின்றன. அதனால் சார் மன்னன் காலத்துத் துவக்குக்கும் இன்றைய தொழிற்சாலையில் தோட்டா வார்க்கிறார்கள். மாக்சிமின் தடித்த குழல் உண்மையில் ஒரு தண்ணீர் உறை, நாலு லீற்றர் அளவு பிடிக்கும். தண்ணீர் கொதிக்கும், குழல் எரியாது. காற்றில் ஆறும் புதிய துவக்குகள் குழல் மாற்ற நிற்கிற இடத்தில் இது நிற்காமல் சுடும். 60 கிலோவுக்கு மேல் பாரம் என்பதால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் ஒரே பதுங்குகுழியில் மாதக்கணக்காக இருந்து, அலை அலையாக வருகிறவர்களைப் பார்த்துச் சுட வேண்டிய போர் அது. உக்ரேனின் பக்முட் நகரப் பக்கம் நடந்தது அப்படித்தான். 1916இல் எந்த வேலைக்கு அது சரியாக இருந்ததோ, அந்த வேலை 2023இல் திரும்பி வந்தது.

சிரியாவிலும் இதுதான் நடந்தது. 2012இல் அலெப்போவில் ஒரு களஞ்சியத்தைத் திறந்த கிளர்ச்சியாளர்கள், 1944இல் ஹிட்லரின் படைக்குச் செய்த எஸ்.ரி.ஜி. 44 துவக்குகள் ஐயாயிரம் வரை தங்களுக்குக் கிடைத்ததாக வீடியோ போட்டார்கள். போர் முடிந்து கிழக்கு ஐரோப்பா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை அவை. யூகோஸ்லாவியா அந்தத் துவக்கைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது, அதற்கான தோட்டாவையும் செய்துகொண்டே இருந்தது. அதனால்தான் அது சாகவில்லை. மாமாவின் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பூட்டுத் திறக்கிறது.

இங்கே மட்டக்களப்பில் உண்மையாகவே செத்துப்போன ஆயுதம் என்று நான் கண்டது கோட்டைப் பீரங்கிகளைத்தான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அலுவலாக அங்கே போன காலத்தில் காத்திருக்கிற நேரமெல்லாம் அந்தப் பீரங்கியில் கைவைத்துக்கொண்டு வாவியைப் பார்த்திருக்கிறேன். குண்டும் இல்லை, மருந்தும் இல்லை, வார்ப்பதற்கு ஆளும் இல்லை. அது செத்துவிட்டது. ஆனால் கோட்டையிலிருந்து படகில் அக்கரைக்குப் போய், இன்னும் மேற்கே போனால், அதே ஒல்லாந்தர் கால முறையில் வாய்வழியாக மருந்து இடித்துச் சுடுகிற இடியன் துவக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பைப்பை வெட்டிச் செய்கிற கட்டுத்துவக்கும் அப்படியே. பன்றி வரும் தடத்தில் நூலைக் கட்டிவிட்டு வருவார்கள். யாருடைய கால் பட்டாலும் அது வெடிக்கும். பன்றிக்குக் கட்டியதில் மாடு விழும், யானையின் காலில் ஏறும், விறகுக்குப் போன மனிதன் முழங்காலோடு ஆஸ்பத்திரிக்கு வருவான். அந்த வாட்டில் இருப்பவனிடம் போய் இது 300 வருடத்துப் பழைய நுட்பம் என்று யார் சொல்வது?

எங்கள் சோதனைச் சாவடிகளில் நின்ற ரி-56 துவக்கின் பெயரில் இருக்கும் 56 என்ன என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. 1956ஐக் குறிக்கிற எண் அது. கலாஷ்னிகோவைப் பார்த்துச் சீனா செய்த அந்த மொடலைத்தான் இந்த நாட்டில் இன்றைக்கும் ஆமியும் பொலிசும் தோளில் கொழுவியிருக்கிறார்கள். நாங்கள் பவள் என்று சொல்லும் உயரமான கவச வாகனம் தென்னாபிரிக்கா 1978இல் தன் எல்லைப் போருக்காகச் செய்தது. அங்கே அதற்கு ஓய்வு கொடுத்த பிறகும் இங்கே அதைப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள். அப்படிச் செய்தவை ஐ.நா. படையோடு மாலிப் பாலைவனம் வரை போயின. எங்களுக்குப் பழைய ஆயுதம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. இருந்தது எல்லாமே வேலை செய்தது.

கடலுக்குள் கிடக்கும் கப்பல்

கல்லடியில் மீன்பிடிக்கிற மச்சான் ஒருவர் "கப்பலடி" என்று ஒரு இடத்தைச் சொல்வார். கரையிலிருந்து 9 கிலோமீற்றர் அளவில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிற ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். சுழியோடிகள் வருவார்கள், படம் போடுவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது, 1918இல் வேலை தொடங்கியது. இன்னொரு விதமாகச் சொன்னால், 1942இல் மிதந்த விமானந்தாங்கிகளுக்குள் ஆகப் பழசுகளில் ஒன்று. துணைக்கு வந்த வம்பயர் நாசகாரிக் கப்பல் 1917இல் கடலில் இறங்கியது. முதலாம் உலகப் போருக்காகச் செய்த இரண்டையும், ஜப்பானின் ஆகத் தேர்ந்த விமானிகளுக்கு முன்னால் விட்டார்கள். அன்றைக்கு ஹெர்மிஸில் ஒரு விமானம் கூட இல்லை. அதன் சோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலையில், தரையில் நின்றன.

அந்த சோர்ட்ஃபிஷ் இரட்டைச் சிறகும் துணிப் போர்வையுமாக, பார்த்தால் பட்டம் மாதிரி இருக்கும். அதுவும் காலம் கடந்த விமானம் என்றுதான் பேச்சு. ஆனால் 1941 மே மாதம் ஜேர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை உடைத்து அதை ஓடவிடாமல் செய்தது இந்தத் துணி விமானம்தான். அதே இரும்பும் துணியும் ஒரு கடலில் பெயர் வாங்கிக் கொடுத்தது, இன்னொரு கடலில் ஆளை விழுங்கியது. எங்கள் கடலில் ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் செத்தார்கள். அன்றைக்குக் கடல் பக்கம் இடி இடித்த மாதிரி இருந்தது, வானத்தைப் பார்த்தால் முகில் இல்லை என்று அம்மப்பா சொல்வார். அப்போது அவருக்கு 24 வயது. வயலில் நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தாராம்.

மருமகன் காட்டிய டாங்கிகளைப் பற்றியும் தேடிப் படித்தேன். அவை ரி-62 வகை, 1961இல் படைக்கு வந்தவை. 2022இல் களஞ்சியத்திலிருந்து இறக்கினார்கள். அடுத்த வருடம் அதைவிடப் பழைய ரி-54, ரி-55 வகைகளும் வந்தன. சிலவற்றைப் பீரங்கி மாதிரித் தூர நிறுத்திச் சுட்டார்கள். ஒன்றிரண்டில் வெடிமருந்தை நிறைத்து, ஆளில்லாமல் எதிர்ப்பக்கம் ஓடவிட்டார்கள். இதிலெல்லாம் என்னை நிறுத்திய ஒரு சின்ன விவரம் உண்டு. பிறகு வந்த ரஷ்ய டாங்கிகளில் குண்டைக் குழலில் ஏற்ற இயந்திரம் இருக்கிறது, உள்ளே மூன்று பேர் போதும். இந்தப் பழையவற்றில் கையால்தான் ஏற்ற வேண்டும். அதனால் நாலு பேர். பழைய வண்டி என்றால் உள்ளே ஒரு தாயின் பிள்ளை கூட. அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். பெட்டிகளின் மேல் தார்ப்பாய் போட்டு வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் நாலு என்று என்னை அறியாமலே எண்ணிக்கொண்டிருந்தேன்.

சூறாவளியில் வெடித்த பிடி

அம்மப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக்குழல், குழல் அளவு பன்னிரண்டு 'போர்', தோட்டாவை அடிக்கிற குதிரை வெளியே வைத்தது. 57ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தின வருடம், ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் வாங்கியது என்பார். வாங்கும்போதே அது பழைய துவக்கு. லைசென்ஸ் தகரப் பெட்டிக்குள் இருக்கும், துவக்கு சாமியறை மூலையில் சாக்குச் சுற்றி நிற்கும். பன்றிக்கும் யானைக்கும் என்று சொன்னாலும் அதிகம் மேலே பார்த்துத்தான் வெடிவைப்பார், சத்தத்துக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னை விழுந்து வீட்டுக் கூரை இறங்கியபோது அந்தத் துவக்கின் பிடி கழுத்தடியில் வெடித்துவிட்டது. புதுப் பிடி போட ஆள் இல்லை. பித்தளைக் கம்பியை நெருப்பில் வாட்டி, நெருக்கமாக, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் 19 சுற்றுச் சுற்றினார். கடைசி நுனியை மரத்துக்குள் அடித்து, மேலே புளியால் தேய்த்து மினுக்கினார். எனக்கு அப்போது பத்து வயது, சுற்றுகளை எண்ணியது நான்தான்.

1985இல் ஒரு இரவு அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது எத்தனையோ ஆயுத இயக்கங்கள், எல்லாருமே வயல்காரர்களின் லைசென்ஸ் துவக்குகளைத்தான் முதலில் சேர்த்தார்கள். வந்த பொடியன்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு துண்டு எழுதித் தந்தார்கள், திருப்பித் தருவோம் என்றார்கள். அம்மப்பா எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்துக் கொடுத்தார். பொலிசில் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்தது ஏன் என்று கேட்பார்கள். அந்தத் துண்டு கொஞ்ச நாள் லைசென்ஸோடு கிடந்தது. பிறகு அதையும் எரித்தார்.

1993. அம்மப்பாவுக்குக் கண்ணில் படலம். மாமா அவரை அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். இரவு திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு அம்மப்பா சொன்னது இவ்வளவுதான்: "நம்மட துவக்கு இன்னும் கிடக்கு. சென்றியில ஒரு ஊர்காவல் பொடியன் வச்சிருக்கான். கம்பி ஒரு சுத்தும் அவிழல்ல. எண்ணெய் போடுறான் போல, குழல் துருப்பிடிக்கல்ல."

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு 30 வருடத்துக்கு மேல் ஆறவில்லை. எட்டு வருடத்தில் எத்தனை கை மாறி அந்தத் துவக்கு அங்கே போய்ச் சேர்ந்தது? எடுத்துப் போனவர்கள் யாரைச் சுட்டார்கள், அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் யாரைச் சுட்டார்கள்? எல்லைப்புற ஊர்களின் காவலுக்கு என்று அரசாங்கம் சேர்த்த ஊர்காவல் படைக்கு அந்தக் காலத்தில் இப்படியான துவக்குகளைத்தான் கொடுத்திருந்தார்கள். 1990இல் என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. இந்த மனிதருக்குக் குழல் துருப்பிடிக்காததுதான் பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்தேன். அவர் செத்த வீட்டில் கூட எனக்கு அது ஒரு முள்ளாகத்தான் இருந்தது. மருமகனின் சிரிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. அன்றைக்கு அம்மப்பாவோடு அந்தச் சென்றியில், அந்தச் சோதனைச் சாவடியில் நின்ற மாமாவிடம் நான் ஒருநாளும் கேட்டதே இல்லை.

மாமா சொன்னது

புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க ஊருக்குப் போனபோது கேட்டேன். மாமா முற்றத்தில் பன்பாய் மேல் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறுவதை நிறுத்தாமலே சொன்னார்.

பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஐடென்ரிக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், பஸ் அந்தப் பக்கம் போய் நிற்கும். ஆமிக்காரர் இருவர் கார்டு பார்க்க, ஊர்காவல் படைப் பொடியன் ஒருவன் வரிசைக்குப் பக்கத்தில் மணல் மூட்டையில் சாய்ந்து நின்றான். காலில் பாட்டாச் செருப்பு, 19 வயது இருக்கும். துவக்கைக் கக்கத்துக்குள் செருகி, குழலை வரிசைப் பக்கம் நீட்டியிருந்தான். வேண்டும் என்று நீட்டவில்லை, பாரம் தாங்காமல் அப்படிச் சரிந்து கிடந்தது. அம்மப்பா கம்பியைக் கண்டார். கண்டதும் மாமாவின் கையைப் பிடித்தார்.

எனக்குத் தெரியாத ஒன்றை மாமா அப்போதுதான் சொன்னார். சூறாவளியில் பிடி மட்டும் வெடிக்கவில்லை. உள்ளே குதிரையைத் தாங்குகிற கொழுவியும் தேய்ந்துபோயிருந்தது. குதிரையை இழுத்து வைத்துவிட்டுத் துவக்கைக் கொஞ்சம் தட்டினால் போதும், தானாக விழும். 80ஆம் ஆண்டு வயல் வாடிக்குள் அப்படி ஒருதரம் வெடித்துக் கூரை ஓலை பறந்திருக்கிறது. அதற்குப் பிறகு அம்மப்பா சுடுகிற கணத்தில்தான் குதிரையை இழுப்பார். அந்தப் பொடியனின் கக்கத்துக்குள் கிடந்த துவக்கில் குதிரை பின்னால் இழுத்திருந்தது. வரிசையில் முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

சொல்லவும் முடியாது. இது என்னுடைய துவக்கு, இதற்கு இப்படி ஒரு பழுது இருக்கிறது என்று சொன்னால், உன்னுடைய துவக்கு இயக்கத்திடம் எப்படிப் போனது என்பதுதான் அடுத்த கேள்வி. 93இல் அந்தக் கேள்விக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற பதில் கிடையாது. அம்மப்பா வரிசையை விட்டு வெளியே வந்தார். ஆமிக்காரன் சத்தம் போட்டான். அவர் கண்ணைக் காட்டி, தெரியவில்லை என்று கையசைத்துக்கொண்டே, தடுமாறுகிற மாதிரி நேரே பொடியனிடம் போனார். தெரிந்த சிங்களத்தில், மகன், மழை இருட்டாகக் கிடக்கிறது, குழலை நிலத்துக்குப் பிடி, குதிரையை இறக்கி வை, பழைய துவக்குக்குத் தண்ணீர் கூடாது, நானும் சின்ன வயதில் காட்டுக்குப் போனவன் என்று சொன்னார். பொடியன் சிரித்தான். "சீயா", தாத்தா, என்று கூப்பிட்டு ஏதோ சொன்னான். குதிரையைப் பெருவிரலால் பிடித்து மெல்ல இறக்கினான், குழலைக் கீழே பதித்தான். அம்மப்பா அதன் பிறகும் நகரவில்லை. வரிசை முழுக்கப் போய் முடியும்வரை துவக்குக்கும் ஆட்களுக்கும் நடுவில், பொடியனோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். கடைசி ஆளாகத்தான் நடந்தார்.

"குழல் துருப்பிடிக்கல்ல எண்டு சொன்னது அதுதான் மனே" என்றார் மாமா. "அவ்வளவு கிட்ட நிண்டு பார்த்திருக்கார்."

நெல்லின் மேல் காகம் ஒன்று இறங்கியது. மாமா கம்பை ஓங்கி அதை விரட்டினார். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டேன்: "மாமா, அதுக்குள்ள தோட்டா கிடந்ததா?"

"அது தெரியாதே" என்றார். "அண்டைக்குத் தொடங்கி இண்டைக்கு வரைக்கும் அதத்தானே யோசிக்கிறன்."